ஸ்ட்ராபெரி: செடியில் பழுத்த பிறகே பறியுங்கள்

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் ஸ்ட்ராபெரி பயிரிடும் சிறு விவசாயிகளில் சிலர், காய் பாதி சிவந்ததுமே பறித்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். பழம் நசுங்காமல் போய்ச் சேரும் என்பது உண்மையே. ஆனால் வாங்கியவர் வாயில் புளிப்புத்தான் மிஞ்சும். மறுமுறை அவர் வாங்கமாட்டார்.

மா, வாழை போன்றவற்றைக் காயாகப் பறித்து வைத்தாலும், அவற்றிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறிப் பழுத்துவிடும். ஸ்ட்ராபெரியில் அப்படிச் சேர்த்து வைத்த மாவுப்பொருள் இல்லை. பறித்த பின் நிறம் சற்றுக் கூடலாம், இனிப்பு கூடாது. ஆகவே தொலைதூரச் சந்தைக்கு முக்கால் பங்காவது சிவந்த பழத்தையும், உள்ளூர் விற்பனைக்குக் காம்படி வரை முழுதும் சிவந்த பழத்தையும் பறிக்க வேண்டும். முழுப்பழம் சாதாரண வெப்பத்தில் ஓரிரு நாளே தாங்கும். தோட்டத்து வாசலிலோ, சுற்றுலாப் பயணிகள் வரும் சாலையோரத்திலோ அன்றன்றே விற்கக் கூடியவருக்கு இது குறையல்ல. அந்தச் சுவையை வெளியூர்ப் பழத்தால் தர இயலாது.

பருவத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, பனி ஈரம் உலர்ந்ததும் வெயில் ஏறுமுன் பறிக்கலாம். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. பச்சைப் புல்லியோடு சிறிது காம்பும் இருக்குமாறு நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். ஆழமான கூடையில் கொட்டினால் அடிப்பழம் கூழாகிவிடும். அகலமான தட்டுகளில் ஓரிரு அடுக்காக வைத்து, உடனே நிழலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விற்பனைக்கு முன் கழுவக் கூடாது. ஈரம் பட்ட பழத்தில் சாம்பல் நிறப் பூசணம் விரைந்து பரவும். பூசணம் கண்ட பழங்களைச் செடியிலேயே விடாமல் தனிப் பாத்திரத்தில் சேகரித்துப் புதைத்துவிடுவது நல்லது.

தோல் உரிக்காமல் உண்ணும் பழம் இது. மருந்து தெளித்தால், மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடியும்வரை பறிக்கவே கூடாது. பறிப்பு நடக்கும் நாட்களில் மருந்தை நாடாமல், வைக்கோல் மூடாக்கு இட்டுப் பழம் மண்ணில் படாமல் காப்பதே மேல்.

வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்: சாப்பிடும் சமயத்தில் மட்டும் கழுவ வேண்டும், கழுவிய பிறகே புல்லியைக் கிள்ள வேண்டும். முன்னதாகக் கிள்ளினால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பழம் சப்பென்றாகிவிடும்.