சதவீதத்தைப் பார்க்கும் முன் அறிக்கையைப் படியுங்கள்

எண்ணூர்க் கழிமுகத்து நீர், வடசென்னை வேதியியல் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் ப்ராஜெக்ட் தலைப்பு. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிய கடல், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் பரவிய கழிமுகம். ஆராய நிறையவே இருக்கிறது. ஆனால் அறிக்கை எழுத்துத் திருட்டைக் கண்டறியும் சாஃப்ட்வேருக்குள் போய் வந்ததும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "பர்சென்டேஜ் எவ்வளவு?"

நம்பிக்கை: 30 சதவீதம் வந்தால் அவ்வளவும் திருட்டு.

உண்மை: அது சொற்கள் ஒத்துப்போகும் அளவு மட்டுமே. நீரில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளப்பவர் என்ன எழுதுவார்? மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு சேர்த்தேன். வீழ்படிவை அமிலத்தில் கரைத்தேன். ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும்வரை தயோசல்பேட்டால் தரம்பார்த்தேன். யார் எழுதினாலும் இப்படித்தான் வரும், வரவும் வேண்டும். 'எண்ணைக் குறைத்துக்கொண்டு வா' என்று விரட்டினால் மாணவர் 'செறிவு' இருந்த இடத்தில் 'அடர்த்தி' என்று போட்டுவிடுவார். சதவீதம் இறங்கும், வேதியியல் தப்பாகும். செய்முறைப் பகுதியை ஒதுக்கிவிட்டு முடிவுகளையும் விவாதத்தையும் ஆசிரியரே படிப்பதுதான் முறை.

நம்பிக்கை: 10 சதவீதம் தாண்டினால் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) விதிப்படி நடவடிக்கை.

உண்மை: 2018 யூஜிசி விதிமுறைகளின் அந்த வரம்பு ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை போன்றவற்றுக்கானது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை விதியே விலக்கிவைக்கிறது. ஆய்வேட்டிலும் உரிய மேற்கோள்கள், நூற்பட்டியல், நிலையான சமன்பாடுகள், தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள் எல்லாம் கழிக்கப்பட வேண்டும். இளநிலை மாணவரை இந்த எண்ணைக் காட்டி மிரட்டுவது அநியாயம்.

நம்பிக்கை: சதவீதம் குறைவென்றால் அறிக்கை சுத்தம்.

உண்மை: நண்பரின் ப்யூரெட் அளவீடுகளில் தசமத்துக்குப் பின்னுள்ள இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதினால் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. ஆய்வக நோட்டைத் திறந்து, மாதிரி எடுத்த இடத்தையும் நேரத்தையும் பற்றி நான்கு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். அறிவியலில் பெரிய திருட்டு, இப்படி அளவீட்டைத் திருடுவதுதான்.

நம்பிக்கை: ஏஐ எழுதியது என்று கருவி காட்டினால் அது உறுதி.

உண்மை: 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக 61 சதவீதம் தவறாக ஏஐ எழுத்து என்று குறிக்கப்பட்டது. தமிழ்வழியில் படித்து, எளிய ஆங்கிலத்தில் எழுதும் திருவொற்றியூர் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் கருவி தந்த ரிப்போர்ட்டை அவர்கள் கையில் கொடுத்து, பதில் சொல்ல நேரம் கொடுங்கள்.