நீலப் பிளக்கும் உப்புக் காற்றும்

காரைக்காலில் அரசலாறு கடலைச் சேரும் இடத்தருகே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. விசைப்படகுகள் கரை சேர்ந்துவிட்டால் தரையெங்கும் உருகிய ஐஸ், கடல்நீர், மீன் கழுவிய நீர். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வெறுங்காலுடன் நின்று ஐஸ் உடைக்கும் இயந்திரத்தைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மின்கம்பியின் உறை தேய்ந்து, கம்பி இயந்திரத்தின் இரும்பு உடலில் பட்டுக்கொண்டிருக்கிறது. என்ன நடக்கும்?

ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். உப்புநீரில் நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம்தான். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு எடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவு! ஆனால் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

"ஃபியூஸ் போய்விடாதா?" என்பீர்கள். போகாது. 16 ஆம்பியர் ஃபியூஸுக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டல்ல. ஃபியூஸ் காப்பது மின்கம்பியை, ஆளை அல்ல.

அதற்காகத்தான் எர்த் கம்பி. அதன் வழியின் மொத்தத் தடை 1 ஓம் என்றால், கம்பி இயந்திரத்தின் உடலில் பட்டவுடனே 230 ஆம்பியர் பாய்ந்து ஃபியூஸ் உருகிவிடும். ஆனால் கடற்கரையில் உப்புக் காற்று சும்மா இருப்பதில்லை. எர்த் இணைப்பை அது மெல்ல அரிக்கிறது. தடை 100 ஓம் ஆகிவிட்டால்? 2.3 ஆம்பியர்தான் பாயும். ஃபியூஸ் அசையாது. வெளிப்பார்வைக்கு எர்த் கம்பி இருக்கும். இயந்திரமோ கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். எர்த்தே இல்லாததைவிட இது மோசம் என்பேன், ஏனெனில் அதை நம்பி வேலை செய்கிறார்கள்.

ஆகவே இன்னொரு காவல் தேவை: கசிவு மின்னோட்டத்தைக் கண்டறியும் பிரேக்கர். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கிறது. கசிவு 150-ஐத் தாண்டினால் 0.04 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும். இதயம் ஒருமுறை துடிக்கும் நேரத்தில் இது சுமார் இருபதில் ஒரு பங்கு.

இனி சாக்கெட்டுக்கு வருவோம். தொழிற்கூடங்களில் உருண்டையான, தடித்த பிளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஐ.இ.சி. 60309 என்ற உலகத் தரத்தின்படி செய்தவை அவை. நீலம் 230 வோல்ட்டுக்கு, சிவப்பு 400 வோல்ட்டுக்கு, மஞ்சள் 110 வோல்ட்டுக்கு. நிறம் தெரியாத இருட்டிலும் தவறு நேராது. எர்த் துளை இருக்கும் இடம் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறுவதால், ஒன்றின் பிளக் மற்றொன்றில் நுழையாது. எர்த் முனை எல்லாவற்றிலும் தடித்தது. செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும்.

மூடியில் "ஐ.பி. 44" என்றிருந்தால் நீர் தெறித்தாலும் உள்ளே புகாது. "67" என்றால், வளையத்தைத் திருகி இறுக்கிய நிலையில், 1 மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். மூடியின் ஸ்பிரிங் உடைந்து, கயிற்றால் கட்டி வைத்திருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

அப்படிப்பட்ட சிவப்பு சாக்கெட் ஒன்றில் ஐந்து துளைகள் இருந்தால், எது எதற்கு? மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஐந்தாவது எது என்று உங்களுக்கே தெரியும்.