பழைய படங்களும் ஊர்ச் சரித்திரமும்



எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது வியாபாரிகளாகிய நாம் நன்கறிந்த பழமொழி. கடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிட்டையில் பதிவுண்டு. ஆனால் நாம் பிறந்த கடற்கரை ஊரின் சரித்திரத்துக்கு நம்மில் எத்தனை பேர் சிட்டை வைத்திருக்கிறோம்? வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய போட்டோக்களே அந்தச் சிட்டை. அதைக் காக்கும் வழியை இங்கு ஆராய்வோம்.

முதலில் தனுஷ்கோடியைப் பாருங்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வூர் வரை ரயில் ஓடிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கொழும்பில் கடை வைத்த நம்மவர் பலர் அவ்வழியே போய்வந்தனர். ஸ்டேஷன், சுங்க ஆபீஸ், தபாலாபீஸ், மாதாகோயில் எல்லாம் அங்கிருந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது. வந்துகொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு அலையில் போயிற்று. இன்று சில மொட்டைச் சுவர்களே நிற்கின்றன. முன்பு அவ்வூர் எப்படியிருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, புயலுக்கு முன் எடுத்த படங்களே சாட்சி.

நம் ஊர்களில் புயல் அடிக்காவிட்டாலும் மாற்றம் நிகழ்ந்தவண்ணம் இருக்கிறது. ஓட்டு வீடு மாடி வீடாகிறது. பழைய பள்ளிவாசலை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறோம். பாய்மரத் தோணி நின்ற துறையில் விசைப்படகு நிற்கிறது. மாற்றம் தவறன்று. ஆனால் வீடு இடிபடும்போது தகரப்பெட்டியும் காயலான் கடைக்குப் போகிறதே, அதுவே நஷ்டம்.

அப்பெட்டியில் என்ன இருக்கும்? பாஸ்போர்ட்டுக்காக எடுத்த சிறு படம்; பினாங்கு ஸ்டூடியோவில் எடுத்து ஊருக்கு அனுப்பிய படம்; ரஜூலா கப்பல் ஏறுமுன் உறவினர் சூழ எடுத்த படம். 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிற்று. அதில் வந்த பெரியவர்கள் இன்று நம்மிடையே சிலரே. படத்தில் நிற்பவர் இன்னாரென்று சொல்லக்கூடியவர் மௌத்தாகிவிட்டால், படம் கையில் இருந்தும் கணக்குத் தீராது.

ஆகவே செய்யவேண்டியவை வருமாறு:

முதலாவது, படத்தைப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். ஆளை மட்டுமன்று, ஆளுக்குப் பின்னே தெரியும் கிணறு, கடைப்பலகை, கடலின் தூரம் யாவற்றையும் கேளுங்கள். பெயர், இடம், ஆண்டு மூன்றையும் படத்தின் பின்புற ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறும். பால்பேனா அழுத்தி முன்புறம் தழும்பு விழும். பென்சில் பிடிக்காத வழவழப்புத் தாளாயின் உறைமேல் எழுதுக.

இரண்டாவது, பசை தடவி ஒட்டாதீர், பிளாஸ்டிக் பூசி அடைக்காதீர், ஈரத்துணியால் துடைக்காதீர். இந்நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். காய்ந்த இடத்தில், வெயில் படாமல், தனித்தனி உறையில் வையுங்கள்.

மூன்றாவது, ஸ்கேன் செய்து ஒரு பிரதி இங்கும் ஒரு பிரதி ஊரிலும் இருக்கச் செய்க. கைபேசியில் மட்டும் இருப்பது காப்பு ஆகாது. பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப் பிரதி எடுத்திருக்கிறது. பிறர் நம் படத்தின் மதிப்பை அறியும்போது நாம் அறியாதிருக்கலாமா?

நான்காவது, பெண்மக்களின் படங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். உருவப்படம் வைக்கத் தயங்குவோர் பள்ளிவாசல், சந்தை, துறை, தெரு ஆகியவற்றின் படங்களைக் காத்தால் போதும். ஊர்ச் சரித்திரத்துக்கு அவையே பெருந்துணை.

அடுத்த முறை ஊருக்குப் போகும் சகோதரர், சாமான் பட்டியலோடு பென்சில் ஒன்றையும் எடுத்துச் செல்லட்டும். பெட்டியைத் திறந்து, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, முதல் படத்தின் பெயரை எழுதட்டும். அவர் இருக்கும்போதே எழுதவேண்டிய கணக்கு அது.

வஸ்ஸலாம்.