சிந்து நதிநீர் ஒப்பந்தம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காஷ்மீரின் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. அதுவரை போட்டித் தேர்வு வினாவாக மட்டுமே இருந்த ஒப்பந்தம் ஒரே நாளில் ஊர்ப்பேச்சானது. பேச்சு பெருகிய அளவுக்கு விவரம் பெருகவில்லை. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட அந்த ஆவணத்தைப் பற்றி அதிகம் காதில் விழும் ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: இந்தியா நினைத்தால் பாகிஸ்தானுக்குப் போகும் தண்ணீரை அப்படியே நிறுத்திவிடலாம்.

உண்மை: நிறுத்தி எங்கே வைப்பது? செனாப் ஆற்றின் பக்லிஹார், சலால் அணைகள் ஓடும் நீரில் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. பக்லிஹாரில் மின் உற்பத்திக்காக ஏற்றி இறக்கிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட நீர் 3.256 கோடி கன மீட்டர். ஆற்றில் விநாடிக்கு 1,000 கன மீட்டர் ஓடும்போது மதகுகளை முழுக்க அடைத்தாலும் 9 மணி நேரத்தில் அந்த இடம் நிரம்பிவிடும். அதன்பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் ஆகவேண்டும்.

அதற்காக மேலே இருப்பவரால் எதுவுமே செய்ய முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ஆறு மெலிந்திருக்கும் மாதங்களில், விதைப்பு வேளையில், ஓரிரு நாள் அடைத்துத் திறந்தாலே கடைமடை தடுமாறும். எவ்வளவு நீர் என்பதைவிட எப்போது வரும் என்பதுதான் பாகிஸ்தான் விவசாயியின் கவலை.

நம்பிக்கை 2: 80 சதவீதத் தண்ணீரைத் தாரைவார்த்துவிட்டோம், மேற்கு நதிகளைத் தொடவே நமக்கு உரிமை இல்லை.

உண்மை: கணக்கு ஏறத்தாழ சரி, முடிவு தவறு. ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு நதிகள் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு நதிகள் பாகிஸ்தானுக்கு என்று ஒப்பந்தம் ஆறுகளையே பிரித்தது. பெரும்பங்கு நீர் மேற்கு நதிகளில்தான் ஓடுகிறது. ஆனால் அவற்றிலும் குடிநீர், மின் உற்பத்தி, மொத்தம் 13.4 லட்சம் ஏக்கர் வரை பாசனம், 36 லட்சம் ஏக்கர் அடி வரை தேக்கம் ஆகியவற்றுக்கு இந்தியாவுக்கு இடம் உண்டு. அந்தத் தேக்கம் ஏறத்தாழ 157 டிஎம்சி. அதில் பெரும்பகுதியை இந்தியா பயன்படுத்தாமலே விட்டிருக்கிறது.

கிழக்கு நதிகளும் சும்மா வரவில்லை. பாகிஸ்தானின் பல வாய்க்கால்கள் அவற்றை நம்பியிருந்தன. 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்கு பஞ்சாப் அவற்றுக்கு நீரை நிறுத்தியதில்தான் தகராறே முற்றியது. மாற்று வாய்க்கால்கள் வெட்டிக்கொள்ள இந்தியா 6.2 கோடி பவுண்டை 10 ஆண்டுத் தவணைகளில் கொடுத்தது. 1965 போரின்போதும் தவணை நிற்கவில்லை.

நம்பிக்கை 3: சண்டையெல்லாம் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில்தான்.

உண்மை: கடந்த 50 ஆண்டுகளின் பெரிய சண்டைகள் பலவும் மதகு எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதைப் பற்றியவை. இமயமலை ஆறுகள் வண்டலைச் சுமந்து வருகின்றன. அணையின் அடியில் மதகு இருந்தால்தான் அதை அலசி வெளியேற்ற முடியும். அதே மதகால் நீர்த்தேக்கத்தை மொத்தமாகக் காலி செய்து மறுபடி நிரப்பவும் முடியும் என்பதுதான் பாகிஸ்தானின் அச்சம். சலால் அணைக்கான 1978 உடன்பாட்டில் அடிமதகுகளை நிரந்தரமாக அடைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. விளைவு, நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்துபோனது.

அந்தப் பாடத்தோடுதான் பக்லிஹாரில் இந்தியா விடாப்பிடியாக நின்றது. 2007இல் நடுநிலை நிபுணரான சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரேமண்ட் லாஃபிட் மதகுகளை அனுமதித்தார். ஆனால் அணையின் உயரத்தை 1.5 மீட்டர் குறைக்கச் சொன்னார், தேக்க அளவையும் குறைத்தார். இரண்டு தலைநகரங்களும் தாங்களே வென்றதாக அறிவித்தன. 2013இல் கிஷன்கங்கா நீர்மின் திட்ட வழக்கை விசாரித்த நடுவர் தீர்ப்பாயமோ, வண்டலுக்காக நீர்மட்டத்தை அடிவரை இறக்கக் கூடாது என்றது. ஆக, கேள்வி இன்னும் முடியவில்லை.

நம்பிக்கை 4: உலக வங்கிதான் நீதிபதி.

உண்மை: வங்கி பேச்சுவார்த்தைக்குத் துணை நின்றது, சில பிரிவுகளுக்காக மட்டும் கையெழுத்தும் போட்டது. கருத்து வேறுபாடு முதலில் இரு நாட்டு ஆணையர்கள் அடங்கிய நிரந்தர சிந்து ஆணையத்துக்குப் போகும். தீராவிட்டால் நடுநிலை நிபுணர் அல்லது நடுவர் தீர்ப்பாயம். அவர்களை அமர்த்த உதவுவதோடு வங்கியின் வேலை முடிகிறது. 2022இல் இந்தியா கேட்ட நிபுணரையும் பாகிஸ்தான் கேட்ட தீர்ப்பாயத்தையும் ஒரே நேரத்தில் நகர விட்டது வங்கி. தீர்ப்பாயத்தை இந்தியா ஏற்கவே இல்லை.

நம்பிக்கை 5: ஒரு நாடு அறிவித்தால் ஒப்பந்தம் ஓய்ந்தது, பிறகு சட்டம் எதுவும் கிடையாது.

உண்மை: இரு அரசுகளும் சேர்ந்து வேறொரு ஒப்பந்தம் செய்து முடிக்கும்வரை இது நீடிக்கும் என்கிறது 12ஆம் பிரிவு. ஒருதலையாக விலகவோ நிறுத்திவைக்கவோ அதில் வழி எழுதப்படவில்லை. எல்லை தாண்டிய பயங்கரவாதம் ஒப்பந்தத்தின் நல்லெண்ண அடித்தளத்தையே தகர்த்துவிட்டது, சூழ்நிலையும் மாறிவிட்டது என்பது இந்தியாவின் வாதம். செக்கோஸ்லோவாக்கியாவுடனான டான்யூப் அணை ஒப்பந்தத்திலிருந்து விலகிய ஹங்கேரியும் வழக்கில் சூழ்நிலை மாற்றத்தைச் சொன்னது. 1997இல் சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆற்றைத் தன்னிச்சையாகத் திருப்பிய மறுதரப்பையும் அது விட்டுவைக்கவில்லை.

பன்னாட்டு நீர்வழிகள் பற்றிய 1997 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியாவும் சரி, பாகிஸ்தானும் சரி, சேரவில்லை. ஆனாலும் அண்டை நாட்டுக்குப் பெருந்தீங்கு செய்யாதே என்ற வழக்காற்றுச் சட்டம் இருவரையும் கட்டும். கிஷன்கங்காவில் விநாடிக்குக் குறைந்தது 9 கன மீட்டர் விட்டாகவேண்டும் என்ற தீர்ப்பு, ஒப்பந்தத்தோடு அந்தச் சட்டத்தையும் துணைக்கொண்டே எழுதப்பட்டது.

இத்தனை வாதத்திலும் யாரும் பேசாத பிரிவு ஒன்று உண்டு: 6ஆம் பிரிவு. ஆறுகளின் அன்றாட நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் மாதந்தோறும் பரிமாறிக்கொள்ளச் சொல்வது அது. மூன்று போர்களைத் தாண்டி நம்பிக்கையைக் காத்தவை இந்த எண்கள்தான். 2025 ஆகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ளம் ஏறியபோது, இந்தியாவின் எச்சரிக்கை ஆணையர்கள் வழியே போகவில்லை. இஸ்லாமாபாத் தூதரகம் வழியே, மனிதாபிமான அடிப்படையில் போனது. ஒப்பந்தத்தை நாளை திருத்தி எழுதினாலும் சரி, பங்கு விகிதத்துக்கு முன்னால் பேசி முடிக்கவேண்டியது இந்தத் தகவல் வழியைத்தான்.