வேர்க்குழாய்ச் சிகிச்சைக்குப் பின்னும் வலி தொடர்ந்தால்

பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் சுகாதார விளக்கக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், பால்மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். வலக் கன்னத்தைக் கையால் தாங்கியவாறே கேட்டார்: "ஐயா, மேல் கடைவாய்ப்பல்லில் நரம்பை எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். எழுநூறு வெள்ளி கொடுத்தேன். நாலு மாதமாகிறது. நரம்பே இல்லாத பல் எப்படி ஐயா வலிக்கும்? திங்கட்கிழமை போய்ப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்."

அன்று என்னால் பாதி விடைதான் கூற முடிந்தது. பின்னர் அரசாங்கப் பல் மருத்துவ அதிகாரி ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் சேர்த்து, அவரைப் போன்றே வலியோடு வேலைக்காட்டுக்குச் செல்லும் மற்றவர்களுக்காகவும் இதனை எழுதுகிறேன்.

சிகிச்சை யாதென முதலில் அறிவோம். பல்லின் நடுவே ஒரு சிறிய அறை உண்டு. அங்கிருந்து வேர்களின் நுனிவரை நுண்ணிய குழாய்கள் செல்கின்றன. நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான சதை அவற்றை நிறைத்திருக்கிறது. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் உள்ளே புகுந்துவிட்டால், அச்சதையை அகற்றி, குழாய்களைத் தூய்மை செய்து, கிருமி மீண்டும் புகாதவாறு அடைத்துவிடுகின்றனர். அடைக்கும் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. நம் வாசகர்களுக்கு இப்பொருள் முற்றிலும் அந்நியமானதன்று. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது அது. 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லே அப்பெயரில் ஒளிந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டதும் இதே மரப்பால்தான்.

இப்பொழுது அம்மையாரின் கேள்விக்கு வருவோம். நரம்பு எடுக்கப்பட்டது பல்லின் உள்ளிருந்து மட்டுமே. பல்லைத் தாடை எலும்புடன் பிணைக்கும் மெல்லிய சவ்விலும், சுற்றியுள்ள எலும்பிலும், ஈறிலும் நரம்புகள் முன்போலவே இருக்கின்றன. ஆகவே சிகிச்சை பெற்ற பல்லைக் கடிக்கும்போது சில நாள் நோவு தோன்றுவது இயல்பே. அது நாளுக்கு நாள் தணிந்து ஒரு வாரமளவில் அடங்கிவர வேண்டும். அடங்கவில்லையெனில், சிகிச்சை செய்தவரிடமே முதலில் திரும்பிச் செல்வது முறை. பல சமயங்களில் அடைப்பு இம்மியளவு உயர்ந்திருந்து, எதிர்ப்பல் அதன்மேல் ஓயாது மோதிக்கொண்டிருக்கும். சற்றே தேய்த்துச் சமப்படுத்தினால் அவ்வலி தீர்ந்துவிடும்.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலிதான் சிந்தனைக்குரியது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த அறிஞர்கள், சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு ஆறு மாதம் கடந்தும் வலி இருப்பதாக 2010ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். அந்த ஐவரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலியின் ஊற்று பல்லிலேயே இல்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. பிடுங்கிவிடலாம் என முடிவு கட்டுமுன் வாசகர்கள் இச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறொரு தோட்டத்தில் புல்வெட்டு வேலை பார்க்கும் ஒருவரை நான் அறிவேன். சிகிச்சை செய்த பல் வலிக்கிறதென்று பிடுங்கச் செய்தார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கலாமென்று அதனையும் பிடுங்கச் செய்தார். வெறும் ஈறு மட்டுமே இருக்கும் அந்த இடத்தில் எரிச்சல் இன்றும் இருக்கிறது. அது நரம்பு சார்ந்த வலி என்பது பின்னர்தான் தெரிந்தது. அதற்குரிய மாத்திரைகள் வேறு; அவற்றைத் தருவோரும் வேறு மருத்துவர்கள். போன பற்கள் போனவைதாம்.

பல்லே காரணமாயிருக்கும் இடங்களும் பல. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர்கள். ஆனால் குழாய்கள் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது மிக மெல்லியது, கண்ணுக்குத் தப்பிவிடும். அதில் கிருமி தங்கிவிட்டால் வலி தொடரும். அடைப்பு வேர்நுனிவரை எட்டாமல் போவதும், பல்லுறை போடாமல் நாளைக் கடத்தியதால் எச்சில் உட்கசிந்து கிருமி மீண்டும் சேர்வதும் உண்டு. வேர் நெடுக வெடித்திருப்பதும் உண்டு. இந்த வெடிப்பு எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது. ஈற்றின் ஒரே இடத்தில் மருத்துவரின் அளவுகோல் குறுகலாக ஆழ இறங்குமாயின் அவர் ஐயுறுவார்.

இனி, பல்வலி போல் வேடமிடும் வலிகள். குனிந்தால் மேற்பற்கள் பல ஒருசேரக் கனத்து வலித்து, மூக்கும் அடைத்திருந்தால், அது கன்ன எலும்புக் குழியின் அழற்சியாகலாம். காலையில் தாடை இறுகி, கன்னத் தசையை அழுத்தும்போது அதே வலி எழுந்தால், உறக்கத்தில் பல்லைக் கடிப்பது காரணமாகலாம். முகம் கழுவும்போதோ காற்றுப் பட்டாலோ மின்சாரம் தாக்கியதுபோல் நொடிப்பொழுது வெட்டும் வலி, முகநரம்பினது. இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று: மேடேறும்போதோ பால் வாளி சுமக்கும்போதோ தாடையில் வலி தோன்றி, உட்கார்ந்து ஓய்ந்ததும் மறைந்தால், அது இருதயத்தின் எச்சரிக்கையாகலாம். அதற்கு உடனே மருத்துவரைக் காண வேண்டும். ஓய்ந்த பின்னும் வலி விடாமல், நெஞ்சுப் பாரமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ சேருமாயின் 999ஐ அழைக்க வேண்டும்.

இவற்றைப் பிரித்தறிய மருத்துவருக்கு நம் துணை வேண்டும். "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு பழைய பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள்: வலி எந்நேரம் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, கடித்தபோதா சும்மா இருந்தபோதா, சூடா குளிரா, எந்த மாத்திரைக்குக் கேட்டது. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். முதல் சிகிச்சையின் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மருத்துவர் பல்லைத் தட்டிப் பார்ப்பார். பக்கத்துப் பற்களையும் குளிர் வைத்துச் சோதிப்பார். வெவ்வேறு கோணத்தில் படம் எடுப்பார். ஊசி போட்டு அப்பல்லை மரக்கச் செய்தும் வலி நிற்கவில்லையெனில், அதுவே ஒரு பெரிய தடயம்.

காரணம் பல்தான் என உறுதியானால் வழிகள் சில உள. பழைய அடைப்பை எடுத்துவிட்டு மீண்டும் சுத்தம் செய்வது ஒன்று. ஈற்றைத் திறந்து வேர்நுனியை வெட்டி அடைப்பது இன்னொன்று. பிடுங்குவது மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலும் நிபுணர்களின் வேலை. தனியார் மருந்தகத்தில் செலவு மிகும். அரசாங்கப் பல் மருந்தகத்தில் கேட்டால் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் தருவர்; கட்டணம் குறைவு, காத்திருப்பு நீளம். வேர் வெடித்திருந்தாலோ, உறை போடுமளவுக்குப் பல் மிஞ்சவில்லையென்றாலோ, பிடுங்குவதே சரி. நிபுணரைக் காணப் பலமுறை போய்வர இயலாத நிலையில், எல்லாம் அறிந்தபின் ஒருவர் பிடுங்குவதைத் தேர்ந்தால் அதையும் நான் குறைகூற மாட்டேன். ஆனால் அதற்குமுன், "வலி இந்தப் பல்லிலிருந்துதான் வருகிறதென்று எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று மருத்துவரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வலி இல்லாமல், படத்தில் மட்டும் வேர்நுனியில் கருநிழல் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. எலும்பு ஆற மாதங்கள் ஆகும். சிலருக்கு நான்கு ஆண்டுவரைகூட நிழல் சுருங்கிக்கொண்டே வரும்.

காத்திருக்கும் நாட்களில் கற்பூரம், புகையிலை, பேட்டரித் தண்ணீர் போன்றவற்றைப் பல்லில் வைக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் ஒட்டவைத்தால் ஈறு வெந்துபோகும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வலிக்குக் கிருமிக்கொல்லி மருந்தால் பயனில்லை. பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. கன்னமோ கழுத்தோ வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாயிருந்தால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்க. நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும்.

ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று தயங்குவோருக்கு ஒரு சொல். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, பதிவுபெற்ற பல் மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழும் செல்லும். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவித்துவிட வேண்டும்.

அந்த அம்மையார் திங்கட்கிழமை பல்லைப் பிடுங்கவில்லை. கடிதம் பெற்று, ஐந்து மாதம் காத்திருந்து நிபுணரைக் கண்டார். தப்பிப்போன நான்காவது குழாய்தான் அவருக்கும் காரணமாயிருந்தது. இப்போது அந்தப் பக்கம் மெல்லுகிறார். ஓராண்டுப் படம் எடுக்கும் நாள் இன்னும் வரவில்லை. அதுவரை கொட்டைப் பாக்கை மட்டும் அந்தப் பக்கம் கடிப்பதில்லை என்று என்னிடம் சொன்னார்.