தனுஷ்கோடியைப் பற்றி எழுதப் போறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு எழுதுங்க

தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனையில இறங்கி நாலு போட்டோ எடுத்து, ராமேஸ்வரம் திரும்புற பஸ்லயே கட்டுரையை ஆரம்பிச்சிடுறீங்க. ஆசை புரியுது. ஆனா எங்க வாசகர் வட்டத்துக்கு வர்ற கட்டுரைகளை வருஷக்கணக்கா நான்தான் திருத்துறேன். தனுஷ்கோடி பத்தி வர்றதுல பத்துக்கு எட்டுல அதே தப்புகள். உங்களுக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அதனால அனுப்புறதுக்கு முன்னாடி இதை மட்டும் ஒரு தடவை படிச்சிடுங்க.

1. ரயிலைப் பாலத்துல இருந்து தள்ளாதீங்க.

அதிகம் பேர் செய்யிற தப்பு இதுதான். 'பாம்பன் பாலத்தில் சென்ற ரயில் கடலில் விழுந்தது'ன்னு எழுதிடுறாங்க. பாம்பன் ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி, ராமேஸ்வரம் தீவுக்குள்ளதான் இருக்கு. 1964 டிசம்பர் புயல் அன்னிக்கு 653-ம் நம்பர் பாசஞ்சர் அங்கே இருந்து கிளம்பி தனுஷ்கோடியை நெருங்கினப்போதான் அலை அடிச்சுது. அந்த வண்டி பாலத்துல ஏறவே இல்லை.

பாலத்தோட கதை தனி. அதே புயல்ல பல கர்டர்கள் அடிச்சுட்டுப் போச்சு. கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற நடுப்பகுதி மட்டும் நின்னுது. பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல சரி பண்ணி மறுபடி ரயில் விட்டாங்க. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பினா ரெண்டுமே பொய்யாப் போயிடும். முதல் தடவை எழுதினப்போ நானும் இப்படித்தான் எழுதினேன். ரயில்வேயில வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், 'அம்மா, மேப்பைப் பாரும்மா'ன்னு ஒரே வரியில கார்டு போட்டார். அந்தக் கார்டை இன்னும் வெச்சிருக்கேன்.

2. தேதிக்குச் சண்டை வேண்டாம்.

1964 டிசம்பர் 22-ஆ, 23-ஆ? வண்டி பாம்பனை விட்டது 22-ம் தேதி நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி. அடுத்த நாள் பிறந்த பிறகுதான் அலை. '22 இரவு, 23 விடியுமுன்'னு எழுதிட்டா எல்லாரும் ஒத்துப்பாங்க.

3. செத்தவங்க எண்ணிக்கையைக் கூட்டாதீங்க.

ரயில்ல போனவங்க எத்தனை பேர்னு ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கணக்கு இருக்கும். டிக்கெட் எடுக்காம ஏறினவங்க எத்தனை பேர்னு சரியாத் தெரியாது. 'நூற்றுக்கும் மேற்பட்டவர்கள்'னு எழுதுங்க, போதும். பரபரப்புக்காகப் பெரிய எண்ணாத் தேடி எடுத்துப் போடாதீங்க. அதுல ஒருத்தர் யாரோ ஒருத்தரோட அப்பா.

4. பாலம் மூணு.

1914-ல திறந்த பழைய ரயில் பாலம், 1988-ல திறந்த ரோட்டுப் பாலம், 2025 ஏப்ரல் 6-ல திறந்த புது ரயில் பாலம். பழசு ரெண்டு கை மாதிரி விரிஞ்சு திறந்துச்சு. புதுசுல நடுத்துண்டு அப்படியே நேரா மேல ஏறும். எதைப் பார்த்தீங்களோ அதை எழுதுங்க.

5. போட் மெயில் கடல் மேல ஓடல.

புயலுக்கு முன்னாடி சென்னையில இருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில். அங்கே இறங்கி கப்பல்ல தலைமன்னார். அங்கே இருந்து மறுபடி ரயில்ல கொழும்பு. இதை மூணு வரியில எழுதினாலே, அந்த மணல்ல ஸ்டேஷனும் போஸ்ட் ஆபீஸும் எதுக்கு இருந்துச்சுன்னு படிக்கிறவங்களுக்குப் புரியும்.

6. 'பேய் நகரம்'னு தலைப்பு வைக்காதீங்க.

இதுல நான் கண்டிப்புதான். வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கம் அறிவிச்ச ஊர் அது, உண்மை. ஆனா மீன்பிடிக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு இருக்காங்க. கரண்ட் லைன் இல்லாம, மணல்ல ஊத்துத் தோண்டி அகப்பையில தண்ணி மொண்டு வாழ்ந்தவங்க அவங்க. சிப்பிக் கடை போட்டிருக்கிற அம்மாகிட்ட பாசிமணி வாங்கிட்டு வந்து, 'மனித நடமாட்டமே இல்லாத ஊர்'னு எழுதினா என்ன நியாயம்? பேய்னு நீங்க எழுதுற ஊர்ல இருந்து ஒரு பிள்ளை யூனிபார்ம் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுது. அது நாளைக்கு உங்க கட்டுரையைப் படிக்கும்.

7. கேட்கிற விதம்.

• போனதும் ஊர்க்காரங்ககிட்ட 'புயல் அன்னிக்கு என்ன ஆச்சு?'ன்னு ஆரம்பிக்காதீங்க. இன்னிக்கு என்ன மீன் பட்டுச்சுன்னு கேளுங்க. நேரம் வந்தா அவங்களே சொல்வாங்க. சொல்லலைன்னா விட்டுடுங்க.

• பேர் போட வேண்டாம்னு சொன்னா போடாதீங்க. பேரை மாத்திட்டு ஆளை அடையாளம் காட்டுற வேலையும் வேண்டாம்.

• ஊத்துல தண்ணி எடுக்கிறவங்க, கரைவலை இழுக்கிறவங்க யாரா இருந்தாலும் கேட்டுட்டு போட்டோ எடுங்க. குழந்தைங்கன்னா அப்பா அம்மாகிட்ட கேளுங்க.

• இடிஞ்ச சர்ச் பவளக்கல்லுல கட்டினது. அது மேல ஏறி நிக்காதீங்க, ஒரு துண்டு கூட பையில போடாதீங்க. பூநாரைக் கூட்டத்தைப் படத்துக்காக விரட்டாதீங்க. பூநாரைகளுக்காகவே 2025-ல அங்கே சரணாலயம் அறிவிச்சிருக்காங்க.

8. கடலுக்குத் தீவுக்காரங்க வெச்ச பேரை எழுதுங்க.

'வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும் சங்கமம்'னு எல்லாரும் எழுதுறாங்க. மேப்பைப் பாருங்க, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தீவுக்காரங்க இன்னும் சுருக்கமாச் சொல்வாங்க: அமைதியா இருக்கிறது பெண்கடல், கொந்தளிக்கிறது ஆண்கடல். அந்த ரெண்டு வார்த்தை உங்க ரெண்டு பக்க வர்ணனையை மிச்சம் பண்ணும்.

9. காப்பி அடிச்சா தெரியும்.

ஒரு வருஷம் மூணு கட்டுரையில 'முகுந்தராயர் சத்திரம்'ங்கிற இடத்தோட பேர் ஒரே மாதிரி தப்பா வந்துச்சு. மூணு பேரும் ஒரே இடத்துல எடுத்திருக்காங்க, பிழையையும் சேர்த்து. அடுத்தவங்க எழுதினதுல தகவல் எடுத்தா அவங்க பேரைச் சொல்லுங்க. படம் வேற ஒருத்தர் எடுத்ததுன்னா அனுமதி கேட்டு, படத்துக்குக் கீழேயே பேர் போடுங்க. இதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.

10. அனுப்பும்போது.

ஒரே கட்டுரையை ரெண்டு பத்திரிகைக்கு ஒரே நேரத்துல அனுப்பாதீங்க. ரெண்டுலயும் வந்துட்டா அடுத்த தடவை ரெண்டு கதவும் சாத்திடும். யாராவது தப்பைச் சுட்டிக்காட்டினா சண்டைக்குப் போகாம நன்றி சொல்லி, அடுத்த இதழ்ல திருத்தம் போடச் சொல்லுங்க. மத்தவங்க எழுதினதுல பிழை தெரிஞ்சா கூட்டத்துல உடைக்காதீங்க. நல்லா இருந்த ஒரு வரியைச் சொல்லிட்டு, தப்பைத் தனியாச் சொல்லுங்க.

இன்னொண்ணு. சாயங்காலம் ஆனதும் அங்கே வெளியூர்க்காரங்களை இருக்க விடமாட்டாங்க. அதனால பேசப் போறதுன்னா காலையிலயே போங்க. கிளம்புறதுக்கு முன்னாடி, உங்களோட பேசினவங்களுக்குத் தபால் எங்கே வரும்னு கேட்டு எழுதிக்கோங்க. கட்டுரை அச்சுல வந்ததும் முதல் பிரதி அவங்களுக்குத்தான் போகணும். அந்த முகவரி வாங்காம பஸ் ஏறாதீங்க.