தையல் போட்ட பிறகு

கை அறுவை சிகிச்சை படிக்க வரும் இளம் மருத்துவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மைக்ரோஸ்கோப் பற்றித்தான். விரலின் ரத்தக்குழாய் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதைத் தைக்கும் 10-0 நைலான் இழை தலைமுடியைவிட மெலிது. நோயாளியை மேஜையில் படுக்க வைத்துக்கொண்டு இதைப் பழக முடியாது. கையுறை ரப்பரில் தொடங்குங்கள். பிறகு கறிக்கடையில் கோழித்தொடை வாங்கி, அதன் ரத்தக்குழாயைத் தைத்துப் பாருங்கள். முன்கை மேஜையில் நன்றாகப் படிந்திருந்தால் நடுக்கம் தானே அடங்கும்.

ஆனால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் படித்த காலத்தில் நான் அதிகம் கற்றது பிசியோதெரபி அறையில்தான். உள்ளங்கை மடிப்புக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடையில் மடக்கும் தசைநாண் அறுந்தால் உடனே தைக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் ஸ்டெர்லிங் பன்னல் போன்ற கை அறுவை சிகிச்சை மேதையே சொன்னார். இன்று தைக்கிறோம். தைத்ததை அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும், முரட்டுத்தனமாக அசைத்தால் அறுந்துவிடும். பிரஸ் மெஷினில் அடிபட்ட தொழிலாளி ஒருவரின் விரலை மெல்ல மடக்கி, நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரபிஸ்ட் ஸ்கேல் வைத்து அளந்தார். "வலிச்சா சொல்லுங்கண்ணே, பயந்துபோய் நிறுத்திடாதீங்க" என்றார். நாம் செய்த அறுவையின் பலன் அந்த ஸ்கேலில்தான் தெரியும். வாரம் ஒருமுறையாவது அங்கே போய் உட்காருங்கள்.

எக்ஸ்ரே பார்ப்பதற்கு முன்பே என்ன வேலை, எந்தக் கைப் பழக்கம் என்று கேளுங்கள். துண்டானது கட்டைவிரல் என்றால் இணைக்க எல்லா முயற்சியும் செய்யலாம். ஆள்காட்டி விரல் மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். வளையாமல் விறைத்து நிற்கும் விரல் கூலி வேலைக்குத் தடையாகிவிடும். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சரிசெய்த பால் பிராண்ட், அவர்கள் பிழைக்கத் தொழில் கற்றுக்கொள்ளவும் இடம் ஏற்படுத்தினார். கை நிபுணர் என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

இரவு ட்யூட்டியில் வெளியூரிலிருந்து போன் வந்தால் நிதானமாகச் சொல்லுங்கள்: துண்டான விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். கேட்டவரை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.